சிங்கப்பூரின் நடுகற்கள்

நடுகல்லைப் பற்றிப் பாடம் நடத்தும் தமிழாசிரியர் பெரும்பாலும் தொல்காப்பியப் புறத்திணையியலில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார். கல்லைக் கண்டு தேர்வது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகள் உண்டு என்பார். வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று இளங்கோவடிகள் அந்நிலைகளையே காதைகளுக்குப் பெயராக்கினார் என்பார். மாணவரும் அதனை எழுதி மதிப்பெண் பெறுவர். அதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்து வளரும் பிள்ளைக்கு நடுகல் என்பது தமிழ்நாட்டுக் காட்டோரத்தில் சாய்ந்து கிடக்கும் ஏதோ பழம்பொருள் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. தான் நாள்தோறும் கடந்து போகும் வீதியிலும் நடுகல் நிற்கக்கூடும் என்று அப்பிள்ளை நினைப்பதில்லை; நாம் நினைக்கச் செய்வதும் இல்லை.

சிங்கப்பூர் நகரில் நிற்கும் போர்ச் சின்னங்களை நடுகல் மரபை உரைகல்லாகக் கொண்டு மதிப்பிட்டால் என்ன தெரியும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டடக் கலைஞர் தம் அளவுகோலால் அளப்பர். வரலாற்றாசிரியர் தம் அளவுகோலால் அளப்பர். தமிழ் படித்தவனுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அது நம் கையில் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது.

அந்த அளவுகோல் யாது? செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்தோர் அறிவர். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில், இன்னாருடைய மகனோ சேவகனோ ஆகிய இன்னான், ஆநிரையை மீட்டபோது இறந்தான் என்று அவை சொல்லும். காலம், ஊர், பெயர், செயல் ஆகிய நான்கும் அங்கே உண்டு. அடைமொழிகள் குறைவு, ஒப்பாரி இல்லவே இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்லில், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனருகே நின்று கள்வரைக் கடித்த நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஊரைக் காத்து நின்ற நாய்க்குக்கூடக் கல்லிலே பெயர் எழுதிய மரபு நம்முடையது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது தேவைப்படும்.

சிங்கப்பூருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் ஆசிரியர்கள் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள மாரியம்மன் கோயிலைத் தவறாமல் காட்டுவர். 1827இல் நாராயண பிள்ளை அதனை எழுப்பிய வரலாற்றைச் சொல்வர். அக்கோயிலின் கோபுரத்தாலேயே பக்கத்துச் சீனர் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது என்றும் சொல்வர். பிறகு பேருந்து ஏறிவிடுவர். அப்படி ஏறாமல் அதே சாலையில் சூலியா பள்ளிவாசலைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் அப்பர் கிராஸ் ஸ்திரீட் சந்திப்பில் ஹாங் லிம் அடுக்குமாடி வளாகம் வரும். அங்கே ஆளுயரமும் இல்லாத ஒரு நினைவுக் கல் நிற்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்த மூன்றாம் நாளே ஜப்பானியர் தொடங்கிய ‘சூக் சிங்’ என்னும் களையெடுப்பில், சீன ஆடவரைக் கூட்டிச் சோதித்த இடங்களுள் அதுவும் ஒன்று. 18 வயது முதல் 50 வயது வரையுள்ள ஆடவர் அனைவரும் வரவேண்டும் என்பது ஆணை. விடுவிக்கப்பட்டவர்க்குத் தாளிலோ கையிலோ சட்டையிலோ ஒரு முத்திரை கிடைத்தது. முத்திரை கிடைக்காதவர் லாரிகளில் ஏற்றப்பட்டுக் கடற்கரைகளுக்குக் கொண்டு போகப்பட்டனர். இறந்தோர் தொகையில் கருத்து வேற்றுமை பெரிது. ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது ஐயாயிரத்தையொட்டியது. சீன சமூகத்தார் சொல்வது அதனைப் போலப் பல மடங்கு.

அந்தக் கல்லின் முன் பூ இருப்பது அரிது. அதனைச் சுற்றி முதியோர் அமர்ந்து சதுரங்கம் ஆடுவதும், கடைக்குப் போவோர் விரைவதும் இயல்பு. இதனைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். நம் ஊர்களிலும் நடுகல் இருந்தது வழிப்போக்கர் செல்லும் பாதையோரத்தில்தான். கல்லின் இடம் சரி, கல் சொல்லும் காலம் சரி, செயலும் சரி. பெயர் மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பெயரை ஒரு கல் எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதே கேள்வியைத்தான் பீச் ரோட்டிலுள்ள பெரிய சின்னமும் சந்திக்கிறது.

பீச் ரோட்டில் நான்கு வெண்தூண்கள் வானளாவி நிற்பதைக் காணாதார் இலர். ஏறத்தாழ 220 அடி உயரம். சீனர், மலாய்க்காரர், இந்தியர், ஏனையோர் என நான்கு மக்களுக்கும் தூணுக்கு ஒன்றாக நான்கு; அடியில் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கின்றன. மக்கள் வேடிக்கையாகச் ‘சாப்பாட்டுக் குச்சிகள்’ என்பார்கள். வேடிக்கைப் பெயர் வைக்கப்படுவது ஒரு சின்னத்துக்கு இழுக்கன்று. ஊரார் அதனைத் தமதாக்கிக் கொண்டதன் அறிகுறி அது. 1962இல் சிக்லாப் பகுதியில் மனித எலும்புகள் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டபோது சீன வர்த்தகச் சங்கம் அவற்றைத் தேடி எடுத்து அடக்கம் செய்யும் பொறுப்பை ஏற்றது. சீனர்க்கு மட்டும் என்று தொடங்கியிருக்கக்கூடிய அச்சின்னத்தை எல்லா இனத்தார்க்கும் உரியதாக்கியது அன்றைய பிரதமர் லீ குவான் இயூவின் அரசு. 1967 பிப்ரவரி 15ஆம் நாள், நகரம் வீழ்ந்து 25 ஆண்டு நிறைந்த அன்று, அவரே அதனைத் திறந்து வைத்தார். வடிவமைத்தவர் சுவான் அண்டு மெக்லாரன் நிறுவனத்தின் லியோங் சுவீ லிம். தூண்களின் அருகே மண்ணுக்கடியில் 606 தாழிகள் இருக்கின்றன. முதுமக்கள் தாழி என்று நாம் பாடம் சொல்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றே.

இச்சின்னத்தில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. இங்கே போர்வீரன் இல்லை, துப்பாக்கி இல்லை, வெற்றி இல்லை. தொல்காப்பியர் காலத்து நடுகல் வெட்சித் திணையைச் சார்ந்தது. ஆயுதம் ஏந்தியவனுக்கே உரியது. அந்த இலக்கணத்தை முதலில் அகட்டியவர் இளங்கோவடிகள். வாளேந்தாத ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு, அரசின் பிழையால் கணவனை இழந்தவளுக்கு, வீரனுக்குரிய அத்தனை நிலைகளையும் வரிசை பிறழாமல் செய்வித்துக் காட்டினார். பீச் ரோட்டுத் தூண்களும் குடிமக்களுக்கு எழுந்த கல்லே. அவ்வகையில் அவை வஞ்சிக் காண்டத்துக்கு உறவு.

ஆனால் வஞ்சிக் காண்டத்தில் மற்றொரு செய்தியும் இருக்கிறது. அதனை நாம் வகுப்பில் பெருமையோடு மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணகிக்குக் கல் கொணரச் செங்குட்டுவன் இமயம் வரை போனான். கனகனையும் விசயனையும் வென்று அவர்கள் தலையிலேயே கல்லை ஏற்றினான். இறந்தவளுக்கு எடுத்த கல் வென்றவனின் புகழுக்கும் கல்லாயிற்று. இறந்தாரைச் சொல்லும் கல், வென்றாரைச் சொல்லும் கல் என்று இரண்டு உண்டு. பல சமயம் ஒரே கல்லில் இரண்டும் கலந்திருக்கும். போர்ச் சின்னத்தைத் திறனாய்வு செய்பவன் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதனைத்தான்.

இந்தக் கலப்பு மிகத் தெளிவாகத் தெரிவது ஐரோப்பாவில் சோவியத் படை எழுப்பிய ‘விடுதலை’ச் சின்னங்களில். ஹிட்லரின் ஆட்சியை முறியடித்துக்கொண்டு மேற்கே வந்த செஞ்சேனை, தான் நுழைந்த நகரங்களின் நடுச்சதுக்கங்களில் சின்னங்களை நட்டது. வியன்னாவில் 1945 ஆகஸ்டிலேயே, போர் ஓய்ந்த சூட்டோடு, வீரன் சிலை தாங்கிய உயர்ந்த தூண் எழுந்துவிட்டது. இன்றும் நிற்கிறது, 1955இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி அதனைப் பேணும் கடமை ஆஸ்திரியாவுக்கு உண்டு. எஸ்தோனியத் தலைநகர் தாலினில் 1947இல் வெண்கல வீரன் ஒருவனை நிறுத்தி ‘தாலினை விடுவித்தவர்கள்’ சின்னம் என்று பெயரிட்டனர். தலை குனிந்து நிற்கும் உருவம். பார்த்தால் துயரச் சிலையே. ஆயினும் பெயர் துயரத்தைச் சொல்லவில்லை, விடுவித்ததைச் சொல்லிற்று. யாரை யார் விடுவித்தது என்று எஸ்தோனியர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தனர். சோவியத் ஆட்சி போன பின் கல்வெட்டின் வாசகத்தை, உலகப் போரில் இறந்தவர்க்கானது என்று மாற்றிப் பார்த்தனர். போதவில்லை. 2007 ஏப்ரலில் சிலையைப் பெயர்த்துப் படைவீரர் இடுகாட்டுக்குக் கொண்டு போயினர். ரஷ்ய மொழி பேசும் மக்கள் கொதித்தெழ, நகரில் கலகம் மூண்டு ஓர் உயிரும் போயிற்று. லத்வியாவின் ரீகா நகரில் 1985இல் எழுந்த பெருஞ்சின்னம் 2022 ஆகஸ்டில் இடித்துத் தள்ளப்பட்டது.

செஞ்சேனை வீரர் இலட்சக்கணக்கில் மாண்டது உண்மை. அவர்கள் ஹிட்லரை வீழ்த்தியதும் உண்மை. அந்த வீரர்க்குக் கல் வேண்டாம் என்று யாரும் சொல்லமுடியாது. குறை கல்லில் இல்லை. ‘விடுதலை’ என்ற சொல்லில் இருந்தது. அச்சொல்லை விடுதலை பெற்றவன் எழுதவேண்டும். வந்தவனே எழுதிக்கொண்டால், ஆட்சி மாறும்போது கல்லுக்கே ஆபத்தாகிவிடுகிறது. இடுகாட்டிலோ அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

இனிச் சிங்கப்பூருக்குத் திரும்புவோம். எஸ்பிளனேட் பூங்காவில் ஒருகாலத்தில் தமிழருக்கு நெருக்கமான ஒரு விடுதலைச் சின்னம் நின்றது. 1945 ஜூலை 8ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். இந்திய தேசிய இராணுவத்தின் பெயர் அறியா வீரனுக்கு எடுத்த சின்னம் அது. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று இந்துஸ்தானிச் சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. அச்சொற்களைத் தாங்கிய படையில் மலாயாவில் சேர்ந்த குடிமக்களில் மிகப் பலர் தமிழர். பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்திலிருந்து புறப்பட்டவர்கள். அடிக்கல் நாட்டி இரண்டு திங்கள்கூட ஆகவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் கட்டளைப்படி அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே பூங்காவில், சில நூறு அடி தள்ளி, முதல் உலகப் போரில் இறந்த 124 பேருக்காக 1922இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷாரின் சின்னம் சேதமின்றி நின்றுகொண்டிருந்தது. 1995இல் தேசிய மரபுடைமைக் கழகம், தகர்க்கப்பட்ட இடத்தில் ஓர் அடையாளச் சின்னம் வைத்தது.

மவுண்ட்பேட்டன் செய்தது சரியா? சரியன்று என்பதே என் துணிபு. பகைவனாயினும் இறந்தவனுக்கு நட்ட கல்லைப் பெயர்ப்பது நம் மரபுக்கு அடுத்ததன்று. சுபாஷ் பாபுவைப் போற்றும் நம்மவர் இதுவரை என்னோடு வருவர். அடுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சின்னமும் வந்தவன் தன் கையால் எழுதிக்கொண்ட விடுதலைச் சின்னமே. அது நின்ற நகரம் ஜப்பானியர் பிடியில் இருந்த நகரம். சைனாடவுனில் முத்திரை கிடைக்காமல் போனவரின் மனைவியும் பிள்ளைகளும் அதே நகரில்தான் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்கள் அந்தக் கல்லைக் கடந்து சென்றபோது எந்த விடுதலையை நினைத்திருப்பர்? இதனைக் கேட்பதால் படையில் சேர்ந்த நம் மூதாதையரின் தியாகம் சிறுத்துவிடாது. கேளாமல் விட்டால் நாமும் தாலினில் நடந்ததையே செய்கிறோம்.

அப்பூங்காவில் உண்மையான நடுகல் என்று நான் சுட்டுவது மற்றொன்றை. 1954 ஜூன் 29ஆம் நாள் திறக்கப்பட்ட லிம் போ செங் நினைவகம் அது. சிறு கோபுரம் போன்ற அமைப்பு, சுற்றிலும் சிங்கங்கள். லிம் போ செங் சீன வணிகர். ஜப்பானியரை எதிர்த்து 136ஆம் படைப்பிரிவில் பணியாற்றிப் பிடிபட்டு, சித்திரவதைக்கு ஆளாகியும் தோழரைக் காட்டிக்கொடுக்காமல், 1944 ஜூன் 29ஆம் நாள் பேராக்கில் பத்து காஜா சிறையில் உயிர்விட்டவர். அவர் வரலாறு வெண்கலத் தகடுகளில் ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்திலான மலாய், தமிழ் ஆகிய நான்கிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலம், ஊர், பெயர், செயல் நான்கும் உண்டு. செங்கத்துக் கல்வெட்டுக்காரன் எழுந்து வந்து பார்த்தால் இதனைத் தன் தொழில் என்று ஒப்புவான். ஒரு சீன வீரனின் கதையைத் தமிழில் பொது இடத்தில் கல்லோடு வைத்துப் படிக்கும் வாய்ப்பு நம் மாணவர்க்கு வேறெங்கே கிடைக்கும்? பூங்காவில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதற்கு முன் ஆசிரியர் இந்தத் தகட்டை உரக்கப் படிக்கச் சொல்லலாம்.

மீண்டும் நான்கு தூண்கள். அவற்றில் ஒன்று இந்தியருக்கு உரியது என்றேன். நான்கும் ஒரே உயரம். களையெடுப்பில் மாண்டோர் சீனராயிருக்க, நான்கையும் ஒரே உயரமாக வைத்தது வரலாற்றுக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்பதுண்டு. இறப்பைத் தராசில் நிறுத்துத் தூணின் உயரத்தைக் குறைப்பது எந்தச் சிற்பிக்கும் இயலாது. அச்சின்னம் அவ்வாறு செய்யாததே அதன் சிறப்பு. என் கவலை வேறு. சீனத் தூணின் கீழ் நிற்கும் சீனப் பிள்ளையை இது யாருக்கு என்று கேட்டால் அது பதில் சொல்லும்: கடற்கரை, லாரி, முத்திரை, பாட்டனின் தம்பி. இந்தியத் தூணின் கீழ் நிற்கும் நம் பிள்ளை என்ன சொல்லும்?

சொல்வதற்கு இல்லாமல் இல்லை. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை சையாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் இரயில் பாதை போட்டனர். அதில் உழைத்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000க்கு மேல். மாண்டவர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ அவர்களைப் போலப் பல மடங்கு. அவர்களில் மாண்டோர் 90,000 என்பது அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். வயிற்றுப்போக்கு, வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி. சையாமுக்குப் பிடித்துப் போவார்கள் என்ற அச்சத்தாலேயே நேதாஜி படையில் சேர்ந்தவரும் உண்டு.

காஞ்சனபுரிக்குப் போய் வந்தவர் அறிவர். அங்கே நேசநாட்டு வீரர் இடுகாடு புல் வெட்டிப் பூச்செடி வைத்து அழகுறப் பேணப்படுகிறது; ஏறத்தாழ 7,000 கல்லறைகள்; கல்லுக்குக் கல் பெயர், வயது, படைப்பிரிவு. சிங்கப்பூர் கிராஞ்சியிலும் அப்படியே. கல்லறை இல்லாத 24,000 வீரரின் பெயர்களைச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். தம் சமயப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்க்கென்று தனியாக ஒரு சின்னமே உண்டு. ஆயிரக்கணக்கானோர் பெயரைக் கல் தாங்குமா என்ற பழைய கேள்விக்கு இதுதான் விடை. தாங்கும், எழுதி வைத்தவன் இருந்தால் தாங்கும். படைக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. தோட்டத்துச் செக்ரோலிலும் பெயர் இருந்தது. லாரியில் ஏற்றியவனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவனுக்கு வேண்டியது தலைக் கணக்கு.

எடுத்தனூர் நாயை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் அத்தமிழர்க்காக ஒரு சின்னம் நாட்டப்பட்டது. அதனை முன்னின்று செய்தவர்கள் ‘நினைவுத் தூண்’ என்றோ ‘விடுதலைச் சின்னம்’ என்றோ பெயரிடவில்லை. நடுகல் என்றே பெயரிட்டனர். எண்பது ஆண்டு கழித்து வந்தாலும் சொல் சரியாக வந்தது. கால்கோளும் நடுதலும் நடந்துவிட்டன. பெயர் எழுதுவதுதான் எஞ்சியிருக்கிறது. அது சிற்பி செய்யக்கூடிய வேலையன்று. பட்டியல் இல்லாத இடத்தில் வீடுகளின் நினைவே பட்டியல். தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறி மக்கள் நகரங்களுக்குச் சிதறிய பின், அந்த நினைவும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து வருகிறது. கணவன் இறந்த நாள் தெரியாத காரணத்தால் ஒவ்வோர் அமாவாசையிலும் இலை போட்டுப் படைத்த பாட்டிமார் ஒருவரும் இன்றில்லை. அவர்கள் படைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இதனைக் கட்டுரைப் பயிற்சியாகக் கொடுத்து வருகிறேன். நான்கே வரி: போனவர் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு. நடுகல்லுக்கு அது போதும். வீட்டில் கேட்டு எழுதிவர வேண்டும். சென்ற முறை வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் தோட்டத்தின் பெயர் தெளிவாக இருந்தது. சிலவற்றில் தந்தையின் பெயரும் கிடைத்திருந்தது. ஆளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ‘பெரிய தாத்தா’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.